ஒன்பதாம் எண் பிழை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. பெயர்தான் சற்றுப் பெரியது. கணிப்பொறியோடு இணைந்த ஒரு சாதனம், ஒவ்வொரு எழுத்துக்கும் மையச் செயலியின் உதவியை நாடாமல், தானே நினைவகத்தில் நேராக எழுதுவதையும் அதிலிருந்து படிப்பதையும் நேரடி நினைவக அணுகல் என்பர். பொறியாளர்கள் அதனை டி.எம்.ஏ. என்று சுருக்கமாக வழங்குவர். சாதனம் எழுதுவதற்காக ஒதுக்கித் தரும் இடத்திற்குப் பஃபர் என்று பெயர். ஒதுக்கிய இடம் தகுந்த இடந்தானா என்று முன்கூட்டியே ஆராய்ந்து பார்க்கும் கடமை, அச்சாதனத்தை இயக்கும் நிரலைச் சேர்ந்தது. அந்நிரலையே டிரைவர் என்கிறோம். அந்த ஆராய்ச்சியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் கணிப்பொறி வல்லுநன் அல்லன். கணித ஆசிரியனாகப் பணியில் நுழைந்து, தலைமையாசிரியனாக 2019-இல் ஓய்வு பெற்றவன். ஆயினும் இந்தப் பொருளில் எனக்குப் பழைய கடன் ஒன்று உண்டு. அது இன்னதென்பதைப் பேச்சினூடே சொல்லுகிறேன்.

முதலில் டி.எம்.ஏ. என்பதன் இயல்பைக் காண்போம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் பாடநூற் கட்டுக்கள் வண்டியில் வந்து இறங்கும். தலைமையாசிரியர் ஒவ்வொரு கட்டையும் தம் கையால் தூக்கிச் சென்று அடுக்குவதில்லை. அப்படிச் செய்தால் அன்று அவருக்கு வேறு வேலையே நடவாது. அலுவலக உதவியாளரை அழைத்து, "நான்காம் அறையில், சன்னலோரத்திலிருந்து தொடங்கி, நாற்பது கட்டு அடுக்குங்கள், முடிந்ததும் வந்து சொல்லுங்கள்" என்கிறார். சொல்ல வேண்டியவை மூன்றே: தொடங்கும் இடம், அளவு, முடிந்தபின் செய்தி. கணிப்பொறியிலும் இதே முறைதான். செயலி, தொடங்கும் முகவரியையும் நீளத்தையும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. முடிந்ததும் சாதனம் மணி அடிப்பது போல் ஒரு குறுக்கீட்டை அனுப்புகிறது.

இந்த உவமை ஓரிடத்தில் பொருந்தாது. அந்த இடந்தான் நமக்கு முக்கியம். நான்காம் அறையில் வேதியியல் குடுவைகள் பரப்பியிருந்தால் நம் உதவியாளர், "ஐயா, அங்கே கண்ணாடிச் சாமான்கள் இருக்கின்றனவே" என்று திரும்பி வந்து கேட்பார். சாதனம் கேளாது. குடுவைகளின் மேலேயே நாற்பது கட்டையும் அடுக்கிவிட்டு, முடிந்தது என்று மணி அடிக்கும். எதன் மேல் எழுதினோம் என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொன்ன டிரைவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இம்முறை புதியதன்று. 1950-களின் இறுதியில் வெளிவந்த ஐ.பி.எம். 709 என்னும் பெருங்கணிப்பொறியிலேயே, செயலி தன் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறொரு பகுதி நினைவகத்திற்கும் நாடாக்களுக்கும் இடையே செய்திகளைக் கொண்டு செல்லும் ஏற்பாடு இருந்தது. நம்மைப் போன்றோர் கையில் டி.எம்.ஏ. வந்து சேர்ந்தது 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியினால். அதில் இன்டெல் நிறுவனத்தின் 8237 என்னும் சில்லு இருந்தது. அதற்கு நான்கு வழிகள் உண்டு. ஒரு வழி நினைவகத்தின் செய்தி மங்கிவிடாமல் புதுப்பித்துக்கொண்டேயிருப்பதற்குச் செலவாயிற்று. மற்றொரு வழி பிளாப்பித் தட்டுக்கு ஒதுக்கப்பட்டது.

அந்தச் சில்லில் ஒரு குறை இருந்தது. குறை என்று சொல்வதும் முறையன்று. அது சிறிய கணிப்பொறிகளுக்கென்று முன்னரே வடிவமைத்த சில்லு. அதனால் 16 இருமக் கூறுகள் கொண்ட முகவரியைத்தான் எண்ண முடியும். அதாவது 0 முதல் 65,535 வரை. புதிய கணிப்பொறியின் முகவரிக்கோ 20 கூறுகள் வேண்டும். எஞ்சிய நான்கு கூறுகளுக்கு வடிவமைத்தவர்கள் பக்கத்திலே ஒரு தனிப் பதிவகத்தை வைத்தார்கள். அதற்குப் பக்கப் பதிவகம் என்று பெயர். டிரைவர் அதில் ஓர் எண்ணை எழுதி வைக்கலாம். ஆனால் எண்ணிக்கை ஏறும்போது அந்த எண் தானாக ஏறாது.

இதன் விளைவை உணர, நான்கு இலக்கம் கொண்ட தூரமானி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 9,999 கிலோமீட்டர் ஓடியபின் அது 0000 காட்டும். முன்னே ஐந்தாவது இலக்கமாக 3 என்று ஒரு சீட்டை ஒட்டி வைத்திருக்கிறோம். வண்டி 39,999-ஐத் தாண்டியதும் 40,000 என்று காட்ட வேண்டும். ஒட்டிய சீட்டு தானாக மாறாதாகையால் 30,000 என்றே காட்டும். வண்டி முன்னே போகிறது. கணக்கு பின்னே போய்விட்டது.

இனி உண்மையான எண்களைக் கொண்டே பார்ப்போம். பென்சிலும் தாளும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 360 கிலோபைட்டுப் பிளாப்பியில் ஒரு தடத்தில் 9 கூறுகள். கூறு ஒன்றுக்கு 512 பைட்டுகள். ஆகவே ஒரு முழுத் தடத்தைப் படிக்க 4,608 பைட்டு நீளமுள்ள பஃபர் வேண்டும். அந்தப் பஃபர் 2,60,000 என்னும் முகவரியில் தொடங்குவதாகக் கொள்வோம். கடைசிப் பைட்டின் முகவரி 2,64,607. இப்போது இரண்டையும் 65,536-ஆல் வகுங்கள். தொடக்க முகவரிக்கு ஈவு 3. இறுதி முகவரிக்கு ஈவு 4. ஈவுகள் வேறுபட்டால் பஃபர் ஓர் எல்லையைத் தாண்டுகிறது என்று பொருள். எல்லை 2,62,144-இல் இருக்கிறது. முதல் 2,144 பைட்டுகள் சரியான இடத்தில் அமரும். எஞ்சிய 2,464 பைட்டுகள் எல்லைக்கு அப்பால் செல்வதற்கு மாறாக, 1,96,608-ஆம் முகவரிக்குத் திரும்பிச் சென்று அங்கே இருப்பதன் மேல் எழுதப்படும். அங்கே இருப்பது உங்கள் நிரலாக இருக்கலாம். வேறொருவர் எழுதிய கடிதமாகவும் இருக்கலாம்.

இந்தத் தீங்கைத் தவிர்க்கவே, அக்கணிப்பொறியின் அடிப்படை நிரலாகிய பயாஸ் இந்த வகுத்தலைத் தானே செய்து பார்த்தது. எல்லை தாண்டுவதாகத் தெரிந்தால் தட்டைத் தொடாமலே, 9 என்னும் எண்ணைத் திருப்பித் தந்துவிடும். 64 கிலோபைட்டு எல்லையைத் தாண்டி டி.எம்.ஏ. செய்ய முயன்றாய் என்பது அதன் பொருள். பஃபரைச் சோதிப்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு நான் அறியேன். ஒரு வகுத்தல், ஓர் ஒப்பீடு, அவ்வளவே. ஆனால் சோதனை செய்தவர் சொல்லும் விடையைக் கேட்பவன் கேட்க வேண்டும் அல்லவா? என் கடன் இங்கேதான் தொடங்குகிறது.

1994-ஆம் ஆண்டு. அப்போது நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியனாகவும் தேர்வுப் பிரிவின் பொறுப்பாளனாகவும் இருந்தேன். இரண்டு பிளாப்பி இயக்ககங்கள் கொண்ட கணிப்பொறி ஒன்று தேர்வு அறையில் இருந்தது. அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண்கள் முழுவதையும் அதில் ஏற்றியிருந்தோம். மேல்நிலை முதலாண்டில் பயின்ற ஒரு மாணவன், கணிப்பொறி அறையே கதியென்று இருந்தவன், பிளாப்பியைத் தடம் தடமாக நகல் எடுக்கும் நிரல் ஒன்றைத் தானே எழுதியிருந்தான். நகல் எடுப்பதற்கு டாஸ் இயக்க முறைமையிலேயே கட்டளை உண்டு. ஆனால் அவன் டாஸைக் கடந்து பயாஸையே நேராக அழைத்துப் பார்க்க ஆசைப்பட்டான். "ஆய்வறைக் கணிப்பொறியில் பத்து முறை சோதித்துவிட்டேன், சார்" என்றான். நானும் மகிழ்ந்து, மதிப்பெண் பிளாப்பிக்கு அந்த நிரலைக் கொண்டே ஒரு நகல் எடுக்கச் சொன்னேன்.

அவன் நகல் எடுத்தபோது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். கண் மூடித் திறப்பதற்குள், நகல் முடிந்தது என்னும் பொருள்பட ஒரு வரி திரையில் வந்தது. அதன் வேகத்தை வியந்து அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். நகல் பிளாப்பிக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டிப் பேழையில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த மாதமே மூலப் பிளாப்பி பூஞ்சைக் காளான் படிந்து படிக்க இயலாமற் போயிற்று. நகலை எடுத்துப் போட்டேன். அது வெற்றுத் தட்டாக இருந்தது. ஒரு மதிப்பெண் கூட அதில் இல்லை.

ஆசிரியர்கள் தங்கள் குறிப்பேடுகளிலிருந்து மதிப்பெண்களை மீண்டும் எடுத்து எழுதினார்கள். நான்கு நாள் ஆயிற்று. இழப்பு அவ்வளவுதான். ஆனால் என் சினம் அவ்வளவோடு அடங்கவில்லை. நகல் எடுக்காமலே எடுத்ததாகத் திரையில் ஒரு வரியைக் காட்டி என்னை ஏமாற்றிவிட்டான் என்று முடிவு செய்தேன். அவன் மீண்டும் மீண்டும் சொன்னது ஒன்றே: "பத்து முறை சோதித்தேன், சார். சரியாக வந்தது." ஆய்வறைக்கு அழைத்துச் சென்று எனக்கே செய்து காட்டினான். அங்கே சரியாகத்தான் வந்தது. அது அவன் குற்றத்தை உறுதிப்படுத்துவதாக எனக்குத் தோன்றியது. சரியாக ஓடும் நிரலை வைத்துக்கொண்டு அன்று ஏமாற்றியிருக்கிறான் என்றல்லவா ஆகிறது! கணிப்பொறி அறைக்குள் அவன் நுழையக் கூடாது என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கினேன். எஞ்சிய ஓராண்டும் அவன் அந்த அறைக்குள் வரவில்லை. அவனுடைய நிரலின் அச்சுப் படியைச் சான்றாக என் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்றபின் பழைய தாள்களைக் கழித்துக் கட்டும் வேலையில் அந்த மடிப்புத் தாள் என் கையில் அகப்பட்டது. பொழுதும் இருந்தது, ஓரளவு நிரல் படிக்கவும் அதற்குள் கற்றிருந்தேன். வரி வரியாகப் படித்தேன். பயாஸை அழைக்கும் வரி இருந்தது. அது திருப்பித் தரும் எண்ணை வாங்கிப் பார்க்கும் வரி இல்லை. பயாஸ் தரும் பிழை எண்களின் பட்டியலைத் தேடிப் பிடித்தேன். ஒன்பதாவது எண்ணுக்கு எதிரே எழுதியிருந்ததைப் படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஆய்வறைக் கணிப்பொறிகளில் வேறு எந்த நிரலும் நினைவகத்தில் தங்கியிருக்கவில்லை. தேர்வு அறைக் கணிப்பொறியில் மட்டும், திரையில் தமிழ் எழுத்துக்களைக் காட்டுவதற்காக ஒரு சிறு நிரலை ஏற்றி வைத்திருந்தோம். அது நினைவகத்தின் அடியில் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகவே அதன்பின் ஏறிய அவனுடைய நிரல் சற்று மேலே தள்ளி அமர்ந்தது. பஃபரும் தள்ளி அமர்ந்தது. 4,608 பைட்டு நீளமுள்ள பஃபர் மனம் போனபடி அமருமானால், எல்லையின் மேல் கிடப்பதற்கு ஏறத்தாழ 14-இல் ஒரு வாய்ப்பு உண்டு. அந்த ஒரு வாய்ப்பு அன்று எங்கள் மேல் விழுந்தது. படிக்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் பயாஸ் 9 என்றது. எழுதச் சொன்ன ஒவ்வொரு முறையும் 9 என்றது. நிரல் எதையும் கேளாமல், எல்லாத் தடங்களையும் முடித்துவிட்டதாக நம்பி, முடிந்தது என்று எழுதிற்று.

திருத்தம் எவ்வளவு எளியது பாருங்கள். எண்ணை வாங்கிப் பார்த்து நிறுத்துவது ஒன்று. அதனினும் நல்லது, பஃபரே எல்லை தாண்டாதபடி செய்வது. அதற்கு ஓர் அழகிய உத்தி உண்டு. வேண்டிய அளவைப் போல் இரு மடங்கு, அதாவது 9,216 பைட்டுகள், தொடர்ச்சியாகக் கேட்டு வாங்குங்கள். அதை இரண்டு பாதியாக எண்ணிக்கொள்ளுங்கள். எல்லைகள் 65,536 பைட்டுக்கு ஒன்றாக வருவன; ஆகவே 9,216 பைட்டுக்குள் ஓர் எல்லைக்கு மேல் வர இயலாது. ஓர் எல்லை ஒரு பாதியைத்தான் வெட்ட முடியும். வெட்டுப்படாத பாதியைப் பயன்படுத்துங்கள். வகுப்பில் வடிவியல் நடத்தும்போது இதைச் சொல்லியிருந்தால் அந்த மாணவன் மறுநிமிடமே பிடித்துக்கொண்டிருப்பான்.

அவனைத் தேடிக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் பேசினேன். அவன் என்று இனிச் சொல்லுதல் முறையாகாது. நாற்பது வயதைக் கடந்தவர். டிரைவர்கள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும், "அதை விடுங்கள், சார்" என்று பேச்சை மாற்றி, தம் தொழிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அன்று தொடங்கி மாதம் ஒரு முறையாவது பேசிக்கொள்கிறோம். இனி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவரிடம் பாடம் கேட்டது.

64 கிலோபைட்டு எல்லை இன்று பழங்கதை. ஆனால் இடம் தகுந்ததா என்னும் கேள்வி பழங்கதை ஆகவில்லை; பலவாகக் கிளைத்திருக்கிறது. சாதனத்தால் அந்த முகவரியை எட்ட முடியுமா என்பது முதற் கேள்வி. 1984-இல் வந்த ஏ.டி. வகைக் கணிப்பொறியின் சாதனங்கள் 24 கூறு முகவரியைக் கொண்டவை. 16 மெகாபைட்டுக்கு மேல் அவற்றுக்கு உலகமே இல்லை. 32 கூறு முகவரியுள்ள சாதனத்துக்கு 4 கிகாபைட்டு எல்லை. லினக்ஸ் இயக்க முறைமையில், தன் சாதனம் எத்தனை கூறு முகவரியை எட்டும் என்பதை டிரைவர் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். எட்டாத இடத்தில் பஃபர் இருந்தால், எட்டும் இடத்தில் உள்ள வேறொரு பஃபருக்குச் செய்தியைக் கொணர்ந்து, பிறகு செயலி அதை உரிய இடத்துக்குப் பெயர்க்கும். சாலையோரத்தில் இறக்கி வைத்துத் தலைச்சுமையாகக் கொண்டு செல்வது போன்றது அது. வேலை நடக்கும், நேரம் கூடும்.

அடுத்த கேள்வி நுட்பமானது. நிரல் காணும் முகவரி வேறு. நினைவகச் சில்லின் உண்மையான முகவரி வேறு. நினைவகம் பெரும்பாலும் 4,096 பைட்டு அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. நிரலுக்குத் தொடர்ச்சியாகத் தோன்றும் இரண்டு பக்கங்கள் உண்மையில் வெவ்வேறு மூலைகளில் கிடக்கலாம். செயலிக்கு அந்த அட்டவணை தெரியும். சாதனத்துக்குத் தெரியாது, அது உண்மை முகவரியைப் பிடித்துக்கொண்டு நேரே செல்லும்.

இதைப் பற்றி அவர் சொன்ன நிகழ்ச்சி ஒன்று என்னை உலுக்கிற்று. லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு பணிக்கும் அடுக்கு என்று ஒரு சிறு நினைவிடம் உண்டு. கைச் செலவுக்குச் சட்டைப்பையில் வைக்கும் சில்லறை போன்றது. அந்த அடுக்கிலேயே பஃபரை வைத்து டி.எம்.ஏ. செய்யக் கூடாது என்று கெர்னலின் ஆவணங்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தன. ஆனால் பல டிரைவர்கள், சிறப்பாக யு.எஸ்.பி. வழியே இணையும் தொலைக்காட்சிப் பெறுவிகளின் டிரைவர்கள், சோம்பலினால் அப்படியே செய்து வந்தன. அடுக்கு உண்மை முகவரியிலும் தொடர்ச்சியாக இருந்ததால் எல்லாம் சரியாக ஓடிற்று. 2016 டிசம்பரில் கெர்னலின் 4.9-ஆம் பதிப்பு வெளிவந்தது. அடுக்கு நிரம்பி வழிந்தால் உடனே கண்டுபிடிக்க வேண்டும் என்னும் நல்ல நோக்கத்தோடு, 64 கூறு எக்ஸ் 86 கணிப்பொறிகளில் அடுக்கைப் பக்க அட்டவணையின் வழியே தோன்றும் இடத்துக்கு மாற்றும் வசதி அதில் சேர்ந்தது. உண்மை முகவரியை எளிய கழித்தலால் பெறலாம் என்னும் நம்பிக்கை அங்கே பொய்த்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிரைவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றையும் திறந்து, பஃபரை அடுக்கிலிருந்து எடுத்து, முறையாக ஒதுக்கிய இடத்தில் வைத்துத் திருத்த வேண்டியதாயிற்று. அத்தகைய திருத்தங்கள் சில அவருடைய மேசைக்கும் வந்தன.

"டிரைவர் எழுதியவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"நேற்று வரை சரியாக ஓடியதே என்றார்கள், சார்" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இன்று யு.எஸ்.பி. பகுதியே பஃபரின் முகவரியை வாங்கியதும், அது அடுக்கில் இருக்கிறதா, பக்க அட்டவணையால் ஒட்டுப்போட்ட இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எச்சரித்து மறுத்துவிடுகிறது. பஃபரைச் சாதனத்துக்கு உரிய முகவரியாக மாற்றித் தரும் செயற்கூறு தோல்வியைக் குறிக்கும் விடையையும் தரக்கூடும். அவ்விடையைப் பார்த்த பின்னரே சாதனத்துக்கு அனுப்ப வேண்டும். பார்க்காமல் அனுப்பும் டிரைவர்களைச் சுட்டிக்காட்டுவதற்கென்றே ஒரு சோதனை வசதியும் கெர்னலில் சேர்த்திருக்கிறார்கள். ஒன்பதாம் எண்ணைக் கேளாதவர்கள் உலகில் நிறையப் பேர் உண்டென்று அறிந்தபோது எனக்கு ஆறுதலா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு; அது இடத்தைப் பற்றியதன்று, அண்டை அயலைப் பற்றியது. செயலி தான் அடிக்கடி பார்க்கும் செய்திகளைத் தன் பக்கத்தில் ஒரு சிறு விரைவு நினைவகத்தில் நகலாக வைத்துக்கொள்ளும். அதைக் கேஷ் என்பர். கேஷ் ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை. பல செயலிகளில் 64 பைட்டுகளை ஒரு வரியாகச் சேர்த்து எடுக்கும். சாதனம் எழுதியதைக் கேஷுக்குத் தானாகத் தெரிவிக்காத கணிப்பொறிகளும் உள்ளன. அங்கே ஒரே வரியில் பாதி பஃபராகவும் பாதி வேறு மாறியாகவும் இருந்தால் என்ன ஆகும்? சாதனம் பஃபரில் புதிய செய்தியை எழுதுகிறது. அதே வேளையில் செயலி அயலிலுள்ள மாறியைத் தன் நகலில் மாற்றி, வரி முழுவதையும் நினைவகத்தில் திருப்பி எழுதுகிறது. பழைய நகலில் இருந்த பஃபரின் பழைய செய்தி, புதியதன் மேல் போய் விழுகிறது. இரண்டு ஆசிரியர்கள் ஒரே மதிப்பெண் தாளின் இரண்டு படிகளில் தனித்தனியே திருத்தம் செய்து, பிந்தி வந்தவரின் படியே நிலைப்பதைப் போல. ஆகவே பஃபர் கேஷ் வரியின் தொடக்கத்தில் தொடங்கி, அவ்வரிகளை வேறு எதனோடும் பகிராமல் தனியே வாழ வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு பயனரின் நிரல், "என் நினைவிடத்தின் இந்தப் பகுதியில் எழுது" என்று முகவரி தருவதுண்டு. அது அவருடைய இடந்தானா, எழுத உரிமை உண்டா என்று டிரைவர் சோதிக்கிறது, சரி. சோதித்த கணத்துக்கும் சாதனம் எழுதும் கணத்துக்கும் இடையே அந்தப் பக்கம் வேறொருவருக்கு மாறிவிட்டால்? சோதித்ததோடு, சாதனம் முடிக்கும் வரை அப்பக்கத்தை அசையாமல் கட்டி வைக்க வேண்டும். விண்டோஸ் இயக்க முறைமையில் இதற்கென உள்ள செயற்கூற்றின் பெயரே, பக்கங்களைச் சோதித்துப் பூட்டு என்று பொருள்படும். சோதனையையும் பூட்டையும் ஒரே செயலாக வைத்தவரின் அறிவை நான் வியக்கிறேன். தேர்வு அறையில் இருக்கைகளைச் சரிபார்த்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டு வந்தால் சரிபார்த்ததற்குப் பொருளில்லை என்பதை எந்தத் தேர்வு மேற்பார்வையாளரும் அறிவார்.

சாதனமே தீயதாக இருந்தால் என்ன செய்வது என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இன்றைய கணிப்பொறிகள் பலவற்றில் சாதனங்களுக்கும் நினைவகத்துக்கும் இடையே ஒரு வாயிற்காப்போன் உண்டு, ஐ.ஓ.எம்.எம்.யூ. என்பர். அனுமதித்த பக்கங்களைத் தவிர மற்றவற்றை அது சாதனத்துக்குத் திறவாது. ஆனால் அது பக்கம் பக்கமாகத்தான் திறக்கும். 100 பைட்டு நீளமுள்ள பஃபரை 4,096 பைட்டுப் பக்கமொன்றில் வைத்தால், அதே பக்கத்திலுள்ள மற்ற 3,996 பைட்டுகளும் சாதனத்தின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். 2019-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து தண்டர்க்ளாப் என்னும் பெயரால் வெளியிட்ட ஆய்வு, வாயிற்காப்போன் இருந்தும், வெளியிலிருந்து செருகும் தீய சாதனம் இத்தகைய இடைவெளிகளின் வழியே நுழையலாம் என்று காட்டிற்று. முன்பின் அறியாத சாதனத்தைக் கணிப்பொறியில் செருக வேண்டாம் என்று உங்கள் ஆசிரியர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேச்சின் நேரம் முடியப் போகிறது. ஒரு செய்தியை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

பல மாதம் பேசிய பின்னர் ஒரு நாள் துணிந்து அவரிடம் கேட்டேன்: "காரணம் உனக்கு எப்போது தெரிந்தது?" பழைய வழக்கம் நாவில் நின்றதால் ஒருமையிலேயே கேட்டுவிட்டேன்.

"கல்லூரி முதலாண்டில், சார். நூலகத்தில் பயாஸ் புத்தகம் இருந்தது."

"அப்போதே வந்து சொல்லியிருக்கலாமே?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சொன்னால் சாக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்களோ என்று தோன்றியது, சார். ஒன்று மட்டும் உங்களைக் கேட்க வேண்டும் என்று இத்தனை ஆண்டும் நினைத்திருக்கிறேன். பயாஸ் ஒன்பது சொன்னால் தட்டைச் சுழற்றவே சுழற்றாது. அன்று நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். எனக்கு இருந்த படபடப்பில் எதுவும் காதில் விழவில்லை. பிளாப்பி சுழன்ற ஒலி உங்களுக்குக் கேட்டதா?"

ஆய்வறையில் அதே நிரல் ஓடியபோது எழுந்த கரகர ஒலி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேர்வு அறையில், அன்று மாலை, மின்விசிறியின் ஒலி ஒன்றுதான் இருந்தது.

"கேட்கவில்லையப்பா" என்றேன்.